முதலில் போதும் என்றவர்

“அம்மா, ஆவுடையப்பனுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“என்ன சொல்லணும், அண்ணாச்சி?”

“சோத்தைக் குறைக்கச் சொல்லணும்.”

தையல்நாயகி அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“அவரு கேட்டாரா?”

“அவரு எங்க கேப்பாரு? நாமதான் சொல்லணும். மனுசன் நாலு படி ஏறுனா உக்காந்துக்கிடுதாரு. மூச்சு வாங்குதாரு. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா மடத்துக்குத்தான கெட்ட பேரு?”

அம்மாள் ஒரு காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

“உங்களுக்குப் பசிக்கா, அண்ணாச்சி?”

“எனக்கா? இல்லம்மா.”

“சரி, போங்க.”

மாசிலாமணி வெளியே வந்தார். தான் சொன்னதற்கும் அம்மாள் கேட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. குருமார்கள் அப்படித்தான் ஏதாவது கேட்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

கையை நன்றாக வீசி நடந்தார்.

*

மாசிலாமணி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை அங்கேயே ஒப்படைத்துவிட்டார். ஆனால் அது இன்னும் வாயில் இருப்பதுபோலத்தான் பேசுவார்.

அறுபதைத் தாண்டியும் வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். விடியுமுன் ஆற்றில் குளியல். குளித்த கையோடு பாறை ஏறி இறங்குவார். காலைக்கு உப்புப் போடாத கேப்பைக் கூழ். சர்க்கரை அவர் நாக்கில் பட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

பாவம், உடம்பை இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மனுஷரை ஒருத்தர்கூட “நல்லா இருக்கியளே” என்று சொன்னதில்லை. யாரும் சொல்லாததால் அவர் மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

கோயில் வாசலில் பூ விற்கிற பெண்ணிடம், “குனிஞ்சு எடுக்காத தாயி, குத்தவச்சு எடு. இடுப்பு போயிரும்” என்றார். அவள் அந்த வாரமே கூடையைத் தூக்கிக்கொண்டு கோயிலின் மறு வாசலுக்குப் போய்விட்டாள்.

தபால்காரர் டீ குடிக்கும்போது கூடவே நின்று, டம்ளரில் எத்தனை கரண்டி சர்க்கரை விழுகிறது என்று பார்த்தார். தபால்காரர் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறார்.

மடத்துக்கு வணங்க வந்த புது மாப்பிள்ளையிடம், பெண் வீட்டாரை வைத்துக்கொண்டே, “இப்பமே தொப்பை எட்டிப் பாக்கு, கவனிச்சுக்கோங்க மாப்ளே” என்றார். மாப்பிள்ளை அன்று பாயசம் சாப்பிடவில்லை. பெண்ணின் தாய் மாசிலாமணியைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் மனைவி தூத்துக்குடியில் மகனோடு இருக்கிறார். ஏன் என்று யாராவது கேட்டால், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பார் மாசிலாமணி. அங்கே காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அது நமக்கெதற்கு?

*

மலையடிவாரத்தில் ஆற்றை ஒட்டி இருந்தது அந்த மடம். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பெரிய சொத்து கிடையாது. வாயகன்ற வெண்கல உருளி ஒன்று உண்டு. அதுதான் மடம் என்றுகூடச் சொல்லலாம்.

மத்தியானம் எல்லாரும் அந்த உருளியைச் சுற்றித் தரையில் உட்காருவார்கள். இலை கிடையாது, தட்டு கிடையாது. அம்மாள் நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து, உருட்டி, நீட்டிய கையில் வைப்பார். கைச்சோறு என்று அதற்குப் பெயர்.

பந்தியில் பேச்சு கிடையாது. ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி. வயிறு நிறைந்ததும் “போதும்” என்று சொல்ல வேண்டும். சொன்ன கையில் அப்புறம் ஒரு பருக்கை விழாது.

சோறு வைக்கிறவர் எல்லாரும் போதும் என்று சொல்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. தன் கையால் தான் சாப்பிடவும் கூடாது. கடைசியாக யார் போதும் என்கிறாரோ, அவர் உருளியிடம் வந்து உட்கார்ந்து, வைத்தவர் கையில் சோறு வைக்க வேண்டும். வைத்தவர் போதும் என்று சொல்கிறவரை இருவருமே எழுந்திருக்கக் கூடாது.

விதி அவ்வளவுதான். மடத்துக்கு வந்தவர்கள் ஒரே வேளையில் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

மாசிலாமணி வந்து மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷமும் அவர்தான் முதலில் போதும் என்கிறவர். இரண்டாவது உருண்டை வாயில் இருக்கும்போதே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒரு சுற்று பார்ப்பார். எல்லாரும் அவரவர் சோற்றில் இருப்பார்கள்.

அதனால் அம்மாள் கையில் சோறு வைக்கிற பாக்கியம் அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அது ஆவுடையப்பனுக்குக் கிடைத்தது. தினம் கிடைத்தது.

*

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு தோல்பையோடு வந்து இறங்கினார். பெரிய உடம்பு. உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம் வேண்டும்.

கையில் உருண்டை விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். மெதுவாகத்தான் மெல்லுவார். தொண்டையில் இறங்கும்போது “ம்” என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது பேச்சில் சேராது என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் எழுந்து போன பிறகும் அவர் ஒரு உருண்டையோடு உட்கார்ந்திருப்பார். கடைசியில் போதும் என்பார். நகர்ந்து உருளிப் பக்கம் வந்து, அம்மாள் கையில் சோறு வைப்பார். அப்போது அம்மாள் சிரிப்பார். பேச்சில்லாமல் இரண்டு பேரும் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மாசிலாமணி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே அதைப் பார்ப்பார். கை எப்போதோ சுத்தமாகியிருக்கும். இருந்தாலும் கழுவிக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்துப் பிரயோஜனமில்லை. நெஞ்சில் நெருப்பு வைத்த மாதிரி எரியும். நான் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, உடம்பை நூலாக இழைத்து வைத்திருக்கிறேன். இவன் தின்று தின்று குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டானே என்று எரியும்.

வெளியே வரும்போது மட்டும் அது வேறு மாதிரி வரும். “அந்த மனுசன் உடம்பை நெனச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு” என்பார்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஆடி கழிந்து அம்மாள் காசிக்குப் போகிறார். திரும்பி வர எத்தனை மாதமாகுமோ. அதுவரை உருளிக்கு முன்னால் யார் உட்காருவது? அங்கே உட்காருகிறவர்தான் அம்மாளுக்கு அடுத்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாள் யார் பெயரையும் சொல்லவில்லை.

மாசிலாமணிக்கு அந்த இடம் வேண்டும். உடம்பில் ஒரு சொட்டுக் கொழுப்பு இல்லாத மனுஷரின் உள்ளே அந்த ஆசை மட்டும் நன்றாகக் கொழுத்துக் கிடந்தது.

*

அம்மாள் சொல்லாவிட்டால் என்ன, நாமே சொல்லிவிடலாம் என்று மாசிலாமணி முடிவு செய்தார்.

“ஆவுடையப்பன், நாளைலேர்ந்து விடியக்காலம் என்கூட நடக்க வாரும்.”

“வாரேன், அண்ணாச்சி.”

உடனே சரி என்றுவிட்டார். கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால் மாசிலாமணிக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

மறுநாள் இருவரும் பாறை ஏறினார்கள்.

“கையை வீசி நடயும், வே!”

“வீசுதேன், அண்ணாச்சி.”

“மூக்கால மூச்சு விடும்!”

“விடுதேன், விடுதேன்.”

ஆவுடையப்பன் வீசினார், விட்டார். நடுவில் ஆடு மேய்க்கிறவனிடம் நின்று சினையாட்டைப் பற்றி விசாரித்தார். கீழே கிடந்த நெல்லிக்காயைப் பொறுக்கித் துடைத்து மாசிலாமணிக்கு ஒன்று கொடுத்தார். பாதி ஏறியதும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“உக்காராதயும். சூடு ஆறிரும்.”

“இல்ல அண்ணாச்சி, இங்க வாங்க. இந்தக் கல்லுல உக்காந்தா மேலருவி சத்தமும் கீழருவி சத்தமும் தனித்தனியாக் கேக்கு, பாத்தியளா?”

மாசிலாமணி மூன்று வருஷமாக அந்தக் கல்லைத் தாண்டிப் போகிறவர். அவருக்கு ஒரு சத்தம்தான் கேட்கும்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றார்.

திரும்பி வந்ததும் தன் கூழில் பாதியை அவருக்கு ஊற்றினார். உப்பில்லாத கூழ். குடித்து முகம் சுளிக்கட்டும், நாக்கை அடக்குவது என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளட்டும்.

ஆவுடையப்பன் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏ யப்பா!”

“என்ன?”

“என்ன ருசி, அண்ணாச்சி! அடியில ஒரு இனிப்பு இருக்கே. தினம் இதையா குடிக்கிய? கொடுத்துவச்சவரு நீங்க.”

கலயத்தைச் சாய்த்து விரலால் வழித்தார்.

மாசிலாமணி தன் பங்கைக் குடித்துப் பார்த்தார். எப்போதும்போல ஈர மண் மாதிரி இருந்தது. அடியில் தேடினார். இனிப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

அன்று அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷமாகக் குடிக்கிறவர் அவர். நேற்று வந்தவன் முதல் வாயிலேயே அதையும் எடுத்துக்கொண்டுவிட்டான்.

நடந்த பசியில் ஆவுடையப்பன் மத்தியானம் வழக்கத்தைவிட இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டார். அம்மாளும் கூடுதலாகச் சிரித்தார்.

*

“அம்மா, நடக்கவும் வச்சுப் பாத்துட்டேன். நடந்தா அவருக்கு இன்னும் பசிக்கு.”

“நல்லதுதான?”

“என்னம்மா, நல்லதுங்கிய? நாக்கை அடக்காதவரு மனசை எப்பிடி அடக்குவாரு? இவரு மாதிரி ஆளு போயி உருளிக்கு முன்னால உக்காந்தா...”

மாசிலாமணி நிறுத்திக்கொண்டார். வந்திருக்கக் கூடாத சொல் வந்துவிட்டது.

அம்மாள் நிமிர்ந்தார்.

“அவரு உக்காரப்போறாருன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“உங்களுக்குப் பசிக்கா, அண்ணாச்சி?”

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு கொர்ரென்றது. சமையற்கட்டில் இருந்த சொர்ணத்தாச்சிக்கே அது கேட்டது.

“இல்லம்மா. அது வாயு.”

“சரி, போங்க.”

*

மறுநாள் கூட்டாஞ்சோறு.

மாசிலாமணி அன்று ஒரு திட்டத்தோடு உட்கார்ந்தார். இரண்டாவது உருண்டையோடு நிறுத்தவில்லை. மூன்றாவதையும் வாங்கினார். சின்னச் சின்னதாகப் பிட்டு வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். சொர்ணத்தாச்சி அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒவ்வொருவராகப் போதும் என்றார்கள். எழுந்து போனார்கள்.

கடைசியில் ஆவுடையப்பனும் மாசிலாமணியும் மிஞ்சினார்கள்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மறுபடி கையை நீட்டினார். அம்மாள் உருண்டையை எடுத்தார்.

“போதும்” என்றார் மாசிலாமணி.

அம்மாள் கை பாதி வழியில் நின்றது. மாசிலாமணி தனக்குச் சொல்லவில்லை. அவர் ஆவுடையப்பனின் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் போதும்” என்றார் மறுபடியும். “நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

அந்த மடம் உண்டான நாளிலிருந்து அடுத்தவர் கைக்கு யாரும் போதும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்று விதி கிடையாது. அப்படி ஒருத்தர் சொல்வார் என்று விதி வைத்தவருக்குத் தோன்றவில்லை.

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டு எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

இப்போது மாசிலாமணி தன் கைக்கும் போதும் என்றார். கடைசியாகச் சொன்னவர் அவர்தான். உருளியிடம் போய் உட்கார்ந்தார். மூன்று வருஷமாகக் காத்திருந்த இடம். கூட்டாஞ்சோற்றை அழகாக உருட்டி எடுத்தார்.

அம்மாள் கையை நீட்டவில்லை.

“போதும்” என்றார்.

“அம்மா, நீங்க இன்னும் ஒரு வாய்கூட...”

அம்மாள் எழுந்து போய்விட்டார்.

மாசிலாமணி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைச் சாப்பிடவும் முடியவில்லை, திரும்ப உருளியில் போடவும் முடியவில்லை. கடைசியில் காக்கைக்கு வைத்தார்.

*

காலையில் ஆவுடையப்பன் நடக்க வரவில்லை. மாசிலாமணி தேடிக்கொண்டு போனபோது, தோல்பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பிட்டீரு?”

“ஊருக்கு, அண்ணாச்சி. மத்தியானப் பஸ்ஸுக்கு.”

“எதுக்கு?”

ஆவுடையப்பன் பையை இழுத்து மூடினார். பக்கத்தில் உட்காரும்படி கையைக் காட்டினார். மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார்.

“எங்க வீட்டுல இலையைப் போட்டதும் எல்லாரும் என் வயித்தைத்தான் பாப்பாங்க, அண்ணாச்சி. தம்பி பாப்பான், அவன் பொண்டாட்டி பாப்பா, விருந்துக்கு வந்தவன் பாப்பான். அவங்க பாக்கப் பாக்கச் சோறு எறங்காது. கடையில துணிக்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு தின்னுருக்கேன். திருடன் மாதிரி.”

ஆவுடையப்பன் மூடிய பையைத் தடவிக்கொண்டார்.

“இங்க வந்த மொத நாளு அம்மா என் முகத்தைப் பாத்துச் சோறு வச்சாங்க. எனக்கு என்னமோ ஆயிட்டு. கண்ணை மூடிக்கிட்டேன். அன்னைலேர்ந்து ஒவ்வொரு நாளும் மூடிக்கிட்டுத்தான் சாப்பிடுதேன். யாரும் பாக்கலங்கற தைரியம்.”

“நான் நல்லதுக்குத்தான்...”

“தெரியும், அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் சொன்னிய. என் தம்பியும் நல்லதுக்குத்தான் சொல்லுவான்.” ஆவுடையப்பன் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. “நேத்து கண்ணு தொறந்துட்டு. இனி மூடாது. அம்புட்டுதான்.”

மாசிலாமணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? போகிறான், போய்த் தொலைகிறான், உருளிக்கு முன்னால் இடம் காலி என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

அந்தத் துள்ளல் கிணற்றடி வரைக்கும்கூட வரவில்லை. துணிக்கட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய உடம்பு ஒளிந்து நின்று அவசர அவசரமாக விழுங்குவது கண்ணுக்குள் வந்துவிட்டது. தன் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு காப்பி குடித்ததும் கூடவே வந்தது.

*

“அம்மா, ஆவுடையப்பன் போறாரு.”

“தெரியும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிப்பாரு.”

“அவரு கேட்டாரா?”

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாள் அடுப்பைத் தணித்தார். அன்று உளுந்தஞ்சோறு. எள்ளுத் துவையல் அரைக்கிற வாசம் மடம் முழுக்க இருந்தது.

“இன்னைக்கு உருளிக்கு முன்னால நீங்க உக்காருங்க, அண்ணாச்சி.”

மாசிலாமணி தன் காதை நம்பவில்லை.

“நானா?”

“நீங்கதான். ஒண்ணே ஒண்ணு. கையைப் பாக்காதீங்க, வயித்தையும் பாக்காதீங்க. முகத்தைப் பாத்து வைங்க.”

*

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மாசிலாமணி வழக்கமாக உட்காருகிற இடத்தில் அம்மாள் உட்கார்ந்தார். ஆவுடையப்பனின் தோல்பை வாசலில் இருந்தது.

மாசிலாமணி சோற்றைப் பிசைந்தார். நல்லெண்ணெய் மணத்தது. உருட்டினார். எவ்வளவு பெரிதாக உருட்ட நினைத்தாலும் அவர் கையில் அது நெல்லிக்காய் அளவுக்குத்தான் வந்தது.

சொர்ணத்தாச்சியின் முகத்தைப் பார்த்து வைத்தார். பார்வை தானாகக் கீழே நழுவியது. ஆச்சி சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

“போதும்” என்றார் ஆச்சி. இரண்டாவது உருண்டைகூட வாங்கவில்லை.

அடுத்தவரும் போதும் என்றார். அதற்கடுத்தவர் ஒரு வாயைப் பாதி மென்றபடியே சொன்னார். எல்லாருக்கும் அவசரம். இதுவரை மடத்தில் மாசிலாமணி மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வேகத்தில் அன்று எல்லாரும் சொன்னார்கள்.

அம்மாள் கையை நீட்டினார். மாசிலாமணி வைத்தார். அம்மாள் அதைச் சாப்பிட்டுவிட்டு, “போதும்” என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

உருளியில் சோறு அப்படியே இருந்தது. உளுந்தஞ்சோறு. யாரும் வேண்டாம் என்று சொல்கிற சோறா அது?

மிஞ்சியது ஆவுடையப்பன்.

அவருக்கு எப்போதும் மெதுவாகத்தான் சாப்பிட வரும். இன்றும் மெதுவாகத்தான் மென்றார். கண் மட்டும் திறந்திருந்தது. மாசிலாமணியையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாசிலாமணி முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் பார்த்ததெல்லாம் வயிறும் கையும்தான். முகத்தில் இரண்டு நாள் தாடி இருந்தது. அடிக்கப்போகிறவன் முன்னால் நிற்கிற பையனின் பயம் இருந்தது. அந்த மாதிரி முகங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் அவர் வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறார். கனத்த பிள்ளைகள். ஓடச் சொல்லி அவர் விசில் ஊதிய பிள்ளைகள்.

ஆவுடையப்பன் விழுங்கினார். “ம்” என்கிற சத்தம் வரவில்லை.

“போதும்” என்றார்.

சொல்லிவிட்டார். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. அதற்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. பிறகு அதையும் மடக்கிக்கொண்டார்.

இனி விதிப்படி ஒரு காரியம்தான் பாக்கி. ஆவுடையப்பன் உருளியிடம் வந்து உட்கார்ந்தார். வைத்தவருக்கு வைக்க வேண்டும். வைத்தவர் போதும் என்றதும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பாலத்துக்குப் போய் பஸ் ஏற வேண்டும்.

மாசிலாமணிக்குப் போதும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்தச் சொல்லில் அவர் கைதேர்ந்தவர்.

வாயைத் திறந்தார்.

“உங்களுக்குப் பசிக்கா, அண்ணாச்சி?”

பந்தியில் அம்மாள் பேசி யாரும் கேட்டதில்லை. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இல்லம்மா என்று சொல்லத்தான் மாசிலாமணி நினைத்தார். நாக்குக்குப் பழகிய பதில். அது வரவில்லை.

“பசிக்கும்மா” என்றார்.

“எப்பமிருந்து?”

அவர் யோசித்தார். கூழுக்கு முன்னாலிருந்தா? விசிலுக்கு முன்னாலிருந்தா? எவ்வளவு தூரம் போய்ப் பார்த்தும் பசிக்காமல் இருந்த ஒரு நாள் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

“தெரியலம்மா. ரொம்பப் பசிக்கு.”

கையை நீட்டினார்.

ஆவுடையப்பன் உருளிக்குள் கையை விட்டார். நன்றாகப் பெரிய உருண்டை. நடுவில் குழித்து, எள்ளுத் துவையலை வைத்து மூடினார். மாசிலாமணியின் முகத்தைப் பார்த்து, கையில் வைத்தார்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

மென்றார். அடியில் உளுந்தின் இனிப்பு இருந்தது. எள்ளின் லேசான கசப்பும் இருந்தது. எண்ணெய் நாக்கில் பரவி மெதுவாக இறங்கியது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அம்மாள் சிரித்தார்.

இரண்டாவது உருண்டை விழுந்தது. மூன்றாவது விழுந்தது.

கீழே பாலத்தில் பஸ் வந்து நின்றது. ஒரு தடவை ஆரன் அடித்தது. ஆவுடையப்பனின் கை உருளியில் நின்றது. அவர் வாசலில் இருந்த பையைப் பார்த்தார், மாசிலாமணியைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

பஸ் போய்விட்டது.